பின்னால் வருகிற புருஷன்

பயணம் போகிற பெண்ணுக்குப் புத்தி சொல்ல எங்கள் தோட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. மலையை விட்டு இறங்காதவர்கள்தான் அதிகம் சொல்வார்கள். முகம் தெரியாதவர்களிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்காதே, சிரித்துப் பேசாதே, யாராவது கேட்டால் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல். எனக்குப் பதினேழு வயதில் இத்தனையும் சொன்னார்கள். ஒன்று விடாமல் கேட்டு நடந்தேன். நான் செய்த தப்பு அதுதான்.

எங்களுடையது வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள். அப்பாவும் அம்மாவும் தெற்கேயிருந்து மூணாறு மலைக்குத் தேயிலை வேலைக்கு வந்தவர்கள். நான் ஞாயிறு பள்ளியில் எழுதப் படிக்கக் கற்று, தோட்டத்து மருந்துக் கொட்டகையில் புண்ணுக்குக் கட்டுப் போடவும் பழகியிருந்தேன். அந்த வருஷத்து மழையில் என் அக்கா, பிள்ளை குறுக்கே கிடந்து, இரண்டு நாள் கத்திச் செத்துப்போனாள். என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த ஒருத்தி அந்த லயத்து வரிசை வீடுகளில் இல்லை. மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுத்தருகிறார்கள் என்று கொட்டகையில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் சொன்னார். அவரே எழுதியும் போட்டார். வரச்சொல்லிப் பதில் வந்தது. கன்னிப்பெண் வரலாம், விதவை வரலாம், புருஷன் உள்ளவள் மட்டும் வேண்டாம் என்று அதில் இருந்தது. மூன்று நாள் பட்டினி கிடந்து அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன்.

புறப்பட்ட காலையில் அம்மா என் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டினாள்.

"இது கெடந்தா வழியில எவனும் வாலாட்ட மாட்டான். ஆஸ்பத்திரி வாசல்ல கழட்டி மடியில முடிஞ்சுக்கோட்டி" என்றாள்.

சாமி மாறியும் எங்கள் பெண்களுக்குக் கயிறு மாறவில்லை. சிலுவை கோத்த தாலியும் மஞ்சள் கயிற்றில்தான் தொங்கும். அதைத் தன் கையால் கழற்றினால் புருஷனுக்கு ஆகாது என்பதும் மாறவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவும் அவள் புருஷனும் சொந்த ஊருக்குப் போனார்கள். அவர்களோடு இறங்கினேன். எல்லைச் சுங்கச் சவுக்கையில் காவல்காரன் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, உன் கெட்டியவன் எங்கே என்று மலையாளத்தில் கேட்டான். அக்கா முந்திக்கொண்டு, "பின்னாடி வாறாரு" என்றாள்.

போடி வரைக்கும் நடை, அப்புறம் மாட்டுவண்டி. வண்டிக்காரன் கேட்டான். தண்ணீர்ப் பந்தலில் கேட்டார்கள். சத்திரத்தில் கூட்டிப் பெருக்குகிறவள்கூடக் கேட்டாள். பின்னாடி வாறாரு, பின்னாடி வாறாரு என்று நானே சொல்லப் பழகிவிட்டேன். அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் பெண்கள் பெட்டியில் என்னை ஏற்றிவிட்டு அவர்கள் தங்கள் ஊர்ப் பாதையில் போய்விட்டார்கள். ஒருவன் ஜன்னலோரம் வந்து, எந்த ஊர் என்று இளித்தான். கயிற்றை வெளியே இழுத்துவிட்டேன். போய்விட்டான். உள்ளதைச் சொல்லவேண்டும், கயிறு வேலை செய்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் புருஷனுக்கு முகம்தான் இல்லை, மற்றபடி நல்லவன். குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு வேப்பமரம் நின்றது. அதன் மறைவில் நின்று முடிச்சில் விரலை வைத்தேன். கை ஓடவில்லை. மஞ்சள் கயிறு, கட்டியவள் அம்மா, கழற்றினால் ஆகாது. யாருக்கு ஆகாது? இல்லாத புருஷனுக்கா? அப்படி ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் சிரித்திருப்பேன். யோசிக்கவில்லை, பயந்தேன். கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

சேர்ப்பதற்கு முன்னால் நெஞ்சைச் சோதிக்கவேண்டும் என்று ரவிக்கையைத் தளர்த்தச் சொன்னார்கள். பெரிய நர்ஸ் வெள்ளைக்கார அம்மாள். கயிற்றை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, புத்தகத் தமிழில், "உன் புருஷன் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார்.

"பின்னாடி வாறாரு" என்றேன்.

வாயை விட்டுப் போன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அழுதேன். அம்மா கட்டியது என்றேன். இப்போதே பல்லால் கடித்து அறுக்கிறேன் என்றேன். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. புருஷனை விட்டு ஓடிவந்த பெண்களால் இந்த வாசலில் நிறையச் சண்டை பார்த்துவிட்டோம், வீட்டுக்குப் போ மகளே என்றார். மறுநாள் மலைப்பக்கம் போகிற ஒரு சபை உபதேசியார் குடும்பத்தோடு என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

வந்த பிறகும் கயிறு கழுத்தில்தான் கிடந்தது. "கட்டுன கையால அறுக்கச் சொல்லுதியா?" என்று அம்மா ஒதுங்கிக்கொண்டாள். சபைப் பாதிரி ஐயர், இது வெறும் நூல், அறுத்துப் போடுங்கள் என்று உபதேசம் செய்தார். அவரும் கத்தரியைத் தொடவில்லை. மதுரையில் எவனோ கட்டிவிட்டு ஓடிவிட்டான் என்று கொழுந்துக்காட்டில் பேச்சு கிளம்பியது. கழுத்தில் கயிறோடு பெண்ணை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது? இரண்டாந்தாரமாக ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். அவர் தாலியை அந்தக் கயிற்றின் மேலேயே கட்டினார். அவர் பின்னால் வருகிறவர் இல்லை, எப்போதும் எதிரே நிற்கிறவர். குடித்தார், அடித்தார். எங்கள் லயத்தில் பெண்கள் பிரசவத்தில் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் வெந்நீர் மட்டும் வைத்துக் கொடுத்தேன்.

போன மாரியில் அவர் காய்ச்சலில் செத்தார். நாலு விதவைகள் வந்து உட்கார்ந்து, ஒரே வெட்டில் தாலியையும் அம்மா கட்டிய கயிற்றையும் அறுத்தார்கள். ஒருத்திக்கும் கை நடுங்கவில்லை. எல்லோரும் அழுதபோது, இனி ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. எனக்கு வயது நாற்பத்தைந்து.

போன வாரம் என் தம்பி மகள் நர்ஸ் படிப்புக்குப் புறப்பட்டாள். தம்பி பெண்டாட்டி கயிற்றில் மஞ்சள் தடவி அடுப்போரம் காயவைத்திருந்தாள். எடுத்து நெருப்பில் போட்டேன்.

"மயினி, மஞ்சக் கயித்தைத் தீயில போடலாமா? ஆகாதுல்லா" என்றாள்.

"யாருக்கு ஆகாது, சொல்லு" என்றேன்.

அவள் அடுப்பைக் கிளறினாள், கயிறு கருகிவிட்டிருந்தது. ஆனால் அதை நெருப்பில் போடும்போது என் கை நடுங்கியது. இத்தனைக்குப் பிறகும் நடுங்கியது. அந்தக் கையை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.