கஸ்தூரி அக்காவும் அறுபத்தொன்றைப் பாராட்டிய கூட்டமும்

சனிக்கிழமை காலை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கோட்டுச்சேரி சாலையில் லாரி மோதி, கஸ்தூரி அக்கா அந்த இடத்திலேயே போய்விட்டாராம். கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

வரிச்சிக்குடியில் அவர் வீட்டு வாசலில் என் காதில் விழுந்த முதல் பேச்சு இது: "தெனம் தெனம் வெரலக் குத்திக் குத்திப் பாத்தா. என்ன பிரயோஜனம்? போய்ட்டால்ல." சொன்னவர் அவருடைய பெரியப்பா, ரிட்டயர்டு வாத்தியார் வேறு. சுகர் மெஷின் என்ன, லாரியையா நிறுத்தும்? இப்படிப்பட்ட மேதைகளை ஆயுசு முழுக்கச் சகித்துக்கொண்டவர் அக்கா.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. காரைக்காலில் எங்கள் ஆபீஸில் டைப்பிஸ்ட், எனக்குப் பக்கத்து மேசை. அவருக்கும் சர்க்கரை, அவர் கணவர் தியாகு அண்ணனுக்கும் சர்க்கரை.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கும் வந்தது. உடனே ஆபீஸ் முழுக்க வைத்தியர்கள் முளைத்துவிட்டார்கள். ஒருவர் வெந்தயம் என்றார், ஒருவர் பாகற்காய் என்றார். கருப்பட்டியில் சர்க்கரையே கிடையாது என்று சத்தியம் செய்தவரும் உண்டு. ஒரு மதியம், சாப்பாட்டுக்கு முன், எல்லோருக்கும் மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த மெஷினில் முதல்முறையாகப் பார்த்தேன். 340. யா அல்லாஹ் என்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா நம்பரைப் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்தார். "கை கழுவுனியா?"

இல்லை. சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, ஈரம் போகத் துடைத்து, அவரே குத்தினார். 168.

"நீ மாம்பழத்துக்கு சுகர் பாத்திருக்கே பானு. ஒனக்குப் பாக்கல" என்றார். "வெறும் நம்பர வெச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாது. எத்தன மணி, எப்பச் சாப்ட்டே, என்ன சாப்ட்டே, எந்த மாத்திரை போட்டே, எல்லாத்தையும் பக்கத்துல எழுது."

எங்கள் சூப்பரிண்டெண்டுக்கும் சர்க்கரைதான். மாதம் முழுக்க ஜாங்கிரி தின்பார். லேப் டெஸ்டுக்கு முன் இரண்டு நாள் பட்டினி கிடப்பார். ரிசல்டை மேசை மேசையாகக் காட்டுவார். அக்கா முகத்துக்கு நேராகவே கேட்டார்: "டாக்டர ஏமாத்திடலாம் சார். கண்ணும் கிட்னியும் ஏமாறுமா?" மனிதர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அக்காவுக்கு அதில் நிம்மதி.

ஞாயிறு மதியம் தகனம் முடிந்து வந்த தியாகு அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது, விரல்கள் நடுங்கின. துக்கம் என்று நான்கு பேர் விசிறினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அலமாரியிலிருந்து அக்காவின் மெஷினை எடுத்து வந்து, அவர் கையைக் கழுவித் துடைத்து, குத்திப் பார்த்தேன். 61.

"அறுபத்தொண்ணா! நார்மலுக்கும் கீழயே வந்துட்டே, பரவால்லயே மாப்ளே!" என்று பெரியப்பா அவர் முதுகில் தட்டினார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டி மெச்சினார்கள். அட கூறுகெட்ட மனுஷர்களா! ஏறிய சர்க்கரை பல வருஷம் அரித்துத் தின்னும். இறங்கிய சர்க்கரை ஒரு மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

"அண்ணே, சாப்ட்டீங்களா?"

"நேத்துலேருந்து எறங்கலம்மா. மாத்திரை மட்டும் போட்டேன். மாத்திரைய விடாதீங்கன்னு அவ சொல்லுவா."

சர்க்கரை கேட்டேன். "சுகர் பேஷண்டுக்கா?" என்று டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள் ஒரு புண்ணியவதி. பிடுங்கினேன். மூன்று ஸ்பூன் அள்ளி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தேன். கால்மணி நேரம் கழித்து மறுபடி குத்தினேன். 98. நடுக்கம் நின்றிருந்தது. இரண்டு இட்லியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்துச் சாப்பிட வைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் தன் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ குத்துனா வலிக்காதும்மா" என்றார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அப்போதுதான் அழுதார்.

போய் வாருங்கள் அக்கா. வலிக்காமல் குத்த எனக்கு வராது. அண்ணனுக்கே குத்திப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். அவர் கற்றுக்கொள்ளும்வரை தினமும் காலையில் நான் போகிறேன். இந்தக் கூட்டத்திடம் அவரை விடமாட்டேன்.