ஐவி மதினியின் ஜப்பான் வகுப்பு

என் அண்ணன் சிலாஸின் மனைவி ஐவி மூன்று வருடம் ஜப்பானில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தாள். அந்த மூன்று வருடமும் சைனிக்புரியில் எங்கள் வீட்டை விட்டு ஒரு நாள்கூட அவள் வெளியூர் போய்த் தங்கியதில்லை. சனத்நகரில் என் ஆபீஸில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் டைப் அடிக்கும் லட்சணத்துக்கு நான்கூடத்தான் சிரிக்கலாம்.

மதினி பிறந்தது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். பூர்வீகம் நாசரேத் பக்கம். அப்பா கொர்னேலியஸ் ரயில்வேயில் கார்டு. கல்யாணத்துக்கு அப்புறமும் சர்டிபிகேட்டில் எல்லாம் அவள் ஐவி கொர்னேலியஸ்தான். செகந்திராபாத்தில் ஒரு கான்வென்டில் பதினெட்டு வருடம் நாலாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்தாள். அண்ணன் ராணுவ ஒர்க்ஷாப்பில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று சைனிக்புரியில் வீடு கட்டினான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் கல்யாணம் ஆகாதவள், அவர்களோடுதான் இருந்தேன்.

எண்பத்தொன்றில் அண்ணனுக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் வந்தது. இரண்டு விரலை எடுத்தார்கள். தினமும் கட்டுப் பிரித்துக் கட்ட வேண்டும் என்று மதினி வேலையை விட்டுவிட்டாள். கட்டுப் போடுவது அரை மணி நேர வேலை. மிச்ச நாள் முழுக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. நாலு மணி ஆனால் கேட்டுக்குப் போய் ஸ்கூல் பஸ் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எந்தப் பிள்ளையும் எங்கள் வீட்டு வாசலில் இறங்காது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் பேப்பரில் அவள்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். ஜப்பானில் ஒரு துறைமுக ஊர். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லித் தரும் தனியார் வகுப்பு. நல்ல உச்சரிப்பு உள்ள பெண் ஆசிரியை தேவை, குரலைக் கேசட்டில் பதிந்து அனுப்பவும். துபாயிலிருந்து வந்த டூ-இன்-ஒன், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி, வீட்டில் இருந்தது. கான்வென்டின் ஐரிஷ் சிஸ்டர் கொடுத்த சான்றிதழையும் மதினி கூட வைத்தாள். 'இவள் எங்களில் ஒருத்தி மாதிரியே இங்கிலீஷ் பேசுவாள்' என்று சிஸ்டர் எழுதியிருந்தார். பெயரோ ஐவி கொர்னேலியஸ். ஜப்பானில் இருக்கிற மனிதருக்கு வேறு என்ன தோன்றும்? எங்களுக்குத்தான் அது அப்போது உறைக்கவில்லை. செகந்திராபாத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கொர்னேலியஸ் மேலே விழும்.

வகுப்பை நடத்துபவர் பெயர் மொரிதா. குரல் மிகவும் பிடித்திருக்கிறது, உடனே வரவும் என்று எழுதினார். மதினி உள்ளதைச் சொன்னாள். கணவரை விட்டு வர முடியாது, வேண்டுமானால் பாடத்தைக் கேசட்டில் அனுப்புகிறேன் என்றாள். அவர் மூன்று வரியில் சரி என்றார். அப்படித்தான் அந்த வகுப்பு ஆரம்பித்தது.

இரண்டாம் சனிக்கிழமை எனக்கு லீவு, அன்றைக்கெல்லாம் நான் பார்ப்பேன். மதியம் ஒன்றரை மணிக்குச் சரியாக உட்காருவாள். அங்கே அப்போது மணி ஐந்து, பிள்ளைகள் வந்திருப்பார்கள் என்பது கணக்கு.

"தபால்ல போற கேசட்டுக்கு நேரம் என்னட்டி நேரம்?" என்பான் அண்ணன்.

"அவங்க வந்து உக்காந்தாத்தான் எனக்குக் குரல் வருது" என்பாள் மதினி.

சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிடுவாள். ஜன்னலைச் சாத்திவிடுவாள். மே மாதத்திலும் அதுதான். அண்ணனுக்குக் கேட்டில் டியூட்டி. கைத்தடியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவில் வருகிறவர்களை எல்லாம் வாயை மூடச் சொல்வான். முட்டை விற்கும் ஜுலைகா ஒரு நாள் கேட்டாள்: "கைக்கு சாப், கோன் மர்கயே?" யாரும் சாகவில்லை, உள்ளே ஸ்கூல் நடக்கிறது என்றான். அவள் எட்டிப் பார்த்தாள். காலி அறையில் ஒரு பொம்பளை பெட்டியிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஜுலைகா அதற்கப்புறம் எங்கள் வீட்டைத் தாண்டும்போது தானாகவே மெதுவாக நடப்பாள்.

பாடம் என்றால் ஒரு வரி சொல்வாள். 'தி போட் இஸ் ஆன் தி வாட்டர்.' பிறகு அதைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்ல இடைவெளி விடுவாள். டேப் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளிதான் நான் பார்த்ததிலேயே விசித்திரம். மதினி தலையைச் சாய்த்துக் கேட்பாள். புழுக்கத்தில் நெற்றியில் வியர்வை இறங்கும், துடைக்க மாட்டாள். எங்கோ கடல் ஓரத்தில், பார்க்காத ஒரு அறையில், முப்பத்தொரு பிள்ளைகள் வாயைத் திறப்பது அவளுக்குக் கேட்கும். முகம் மாறும். "நோ, நோ. தி லாஸ்ட் பெஞ்ச், ஒன்ஸ் மோர்" என்பாள். மறுபடி இடைவெளி. "குட்" என்று புன்னகைப்பாள். கதவோரம் நிற்கும் எனக்கும் கொஞ்ச நேரத்தில் காதில் ஏதோ விழுவதுபோல இருக்கும். ஈர மணல் வாசனைகூட வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நான் பொதுவாக அப்படிப்பட்டவள் இல்லை.

மொரிதா எழுதினார்: கடைசி பெஞ்ச் பிள்ளைகள் தவறாகச் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? டீச்சர் நம்மைப் பார்க்கிறார் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நானும் பின்னால் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்துதான் சொல்கிறேன், எனக்கும் இங்கிலீஷ் வருகிறது. கடிதத்தை மதினி பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த மூன்று வருடம் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. நாலு மணிக்குக் கேட்டுப் பக்கம் போவதையே மறந்துவிட்டாள்.

மூன்றாவது கிறிஸ்மஸுக்கு ஒரு பெரிய கவர் வந்தது. பிள்ளைகள் வரைந்து அனுப்பிய 'எங்கள் டீச்சர்' படம், முப்பத்தொன்று. மதினி கட்டில் முழுக்கப் பரப்பினாள். எல்லாவற்றிலும் மஞ்சள் முடி. நீலக் கண். சிலதில் தொப்பி. ஒன்றில் கையில் நாய்க்குட்டி வேறு.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "எம் பெண்டாட்டி யாருன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது" என்றான். மதினியும் சிரித்தாள். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மறுபடி போய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"ஜெயா, நாளைக்கு ஸ்டூடியோவுக்கு வாரியா?" என்று என்னைக் கேட்டாள்.

செகந்திராபாத் ஸ்டூடியோக்காரர் கல்யாணத்துக்குப் பெண் போட்டோ எடுத்தே பழகினவர். "கலர் கொஞ்சம் தூக்கட்டுமா மேடம்? பிரஷ் போட்டா நல்லா வரும்" என்றார். மதினி நக்கோ, வேண்டாம் என்றாள். கறுப்பு முகம், மூக்குக் கண்ணாடி, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டின கொண்டை, சர்ச் பாடகர் குழுவுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலை. படம் அச்சாக அவளாகவே இருந்தது. அனுப்பிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மொரிதா மரியாதைக்காரர், அதை மறுக்க மாட்டேன். உங்கள் படம் கண்ணியமாக இருக்கிறது, என் மேசைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். ஆனால் டீச்சர் ஆங்கிலேயப் பெண்மணி என்று நம்பித்தான் பெற்றோர் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் மனதில் இருக்கும் படம் அப்படியே இருக்கட்டும். பாடங்களை வழக்கம்போல அனுப்பவும்.

மதினி மூன்று தடவை படித்தாள்.

"என் முகத்த மேசைக்குள்ள வச்சிப் பூட்டிட்டாரு ஜெயா" என்றாள்.

எனக்குப் பயம் வந்தது. வகுப்பு நின்றால் இந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "மேசைல இருந்தா என்ன, அலமாரில இருந்தா என்ன மதினி? பாடம் போகுதுல்லா. சும்மா இருக்க சங்க ஊதிக் கெடுக்காதிங்க. பேசாம அனுப்புங்க" என்றேன்.

"நான் அங்க போயி நின்னாக்கூட யாரோ வந்துருக்கான்னு கதவச் சாத்திருவாங்க. மூணு வருசம் எங்கிட்டப் படிச்ச பிள்ளைங்க."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டே, "உனக்குச் சரின்னு பட்டதச் செய் ஐவி" என்றான். இந்த மாதிரி நேரத்தில் புருஷன்மார் இப்படித்தான் நல்லவர்களாகி நம் தலையில் கட்டிவிடுவார்கள்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை. ஒன்றரை மணி. ஃபேன் நின்றது, ஜன்னல் சாத்தியாயிற்று. மதினி அந்த வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தாள். யார் பார்க்கப் போகிறார்கள்? பட்டனை அழுத்தினாள்.

"குட் ஈவினிங், சில்ட்ரன். டுடே அவர் லெஸன் இஸ், மை டீச்சர். ரிப்பீட் ஆஃப்டர் மி."

"மை டீச்சர் இஸ் மிசஸ் ஐவி கொர்னேலியஸ்."

இடைவெளி. டேப் சுற்றும் சத்தம் மட்டும்.

"ஷி லிவ்ஸ் இன் செகந்திராபாத், இண்டியா."

இடைவெளி. கேட்டிலிருந்த அண்ணன் எழுந்து வந்து வாசற்படியில் நின்றுவிட்டான்.

"ஹெர் ஹேர் இஸ் ப்ளாக்."

"ஹெர் ஸ்கின் இஸ் வெரி டார்க்."

இந்த இடைவெளி நீளமாகப் போனது. முப்பத்தொரு பேர் மெதுவாகச் சொன்னாலும் முடித்திருப்பார்கள். மதினி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்குள் கண் ஈரமாக இருந்தது. குரல் மட்டும் வகுப்பறைக் குரலாகவே வந்தது.

"ஒன்ஸ் மோர், ஆல் ஆஃப் யூ."

திங்கட்கிழமை ஆபீஸ் போகும் வழியில் நான்தான் கேசட்டை ரெஜிஸ்டர் தபாலில் போட்டேன். பையிலேயே வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு வாரம் கழித்து மொரிதாவின் கடைசிக் கடிதம் வந்தது. மதினி அண்ணனுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள், என்னைப் படிக்கச் சொன்னாள். வியாழக்கிழமை அந்தக் கேசட்டைப் போட்டார்களாம். வழக்கம்போல மொரிதாவும் கூடவே சொன்னாராம். மூன்றாவது வரி வரைக்கும் என்ன சொல்கிறோம் என்றே அவருக்கு விளங்கவில்லையாம். விளங்கியதும் அவர் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் நிறுத்தவில்லை. முப்பத்தொரு பேரும் கடைசி வரை உரக்கச் சொன்னார்கள். வெளியே பிள்ளைகளைக் கூட்டிப்போக நின்ற தாய்மார் அதைக் கேட்டுவிட்டார்கள். அடுத்த வாரத்துக்குள் பத்தொன்பது பேரை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண்மணி நேரில் வருகிறார். இனிமேல் கேசட் அனுப்ப வேண்டாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மொரிதாவை, அவர் மேசையை, அந்தப் பத்தொன்பது தாய்மாரை, வரப்போகிற ஆஸ்திரேலியாக்காரியை எல்லாம் தெலுங்கிலும் தமிழிலும் ஏசினேன். மதினி கட்டை முடித்து, முடிச்சுப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வரிய மறுபடி படி ஜெயா."

"எந்த வரி?"

"பிள்ளைங்க நிறுத்தலன்னு இருக்குல்லா, அது."

படித்தேன். முப்பத்தொரு பேரும் கடைசி வரை உரக்கச் சொன்னார்கள். மதினி அழுதாள். அண்ணன் எதிரில், என் எதிரில், மறைக்காமல் அழுதாள். மூன்று வருடப் பிள்ளைகள் ஒரே கடிதத்தில் போய்விட்டார்கள். பிறகு முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப நான் அந்த ஊர்த் தெருவுல போனா அவங்களுக்கு அடையாளம் தெரியும், என்ன ஜெயா?"

"தெரியும் மதினி" என்றேன்.