பதினைந்து கிலோவுக்குள் நோலின்

நோலின் ஸ்காரோவின் முழங்கால் ஊரறிந்த விஷயம். சென்ற ஏப்ரலில் கணவாயிலிருந்து இறங்கும் சரளைச் சரிவில் அது மடங்கிக்கொண்ட கதையை அவள் தம்பி லயல் ஒருவரையும் விடாமல் சொல்லியிருந்தான். விவசாயப் பொருள் கடையில் ஒரு விதமாகவும் ரக்பி கிளப்பில் இன்னொரு விதமாகவும் சொன்னான். கடையில் சொன்னபோது நோலின் சரிவில் உட்கார்ந்துவிட்டாள். கிளப்பில் மூன்றாவது பியருக்குப் பிறகு உருண்டே போனாள். இரண்டிலும் மாறாத பகுதி ஒன்று உண்டு. அக்காவின் பையையும் சேர்த்து இரண்டு பைகளை லயல் நான்கு மணி நேரம் சுமந்து வந்தான்.

நோலினுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அந்தப் பள்ளத்தாக்கின் இளைஞர்கள் எல்லாரும் பேருந்துக் கண்ணாடியில் அவள் பார்க்கும் ஒரு பார்வைக்கு அடங்கி வளர்ந்தவர்கள். இப்போது அவர்களே, "முட்டி எப்படி இருக்கு?" என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்கப் பெரும்பாடு பட்டார்கள்.

தென்தீவில் ஏப்ரல்தான் இலையுதிர்காலம். அப்போது கலைமான்கள் இணை தேடி உறுமத் தொடங்கும். அந்த வாரத்தில் மூன்று பேர் மலைக்குப் போவார்கள்: நோலின், செம்மறிப் பண்ணை வைத்திருக்கும் லயல், வேலி போடும் திபேனே. எட்டு மணி நேரம் நடந்து, கணவாயைத் தாண்டினால் ஒரு தகரக் குடில். அங்கே சில நாள் தங்கி வேட்டையாடுவார்கள். பத்தொன்பது வருடமாக இதே ஏற்பாடு. விதிகள் இரண்டுதான். அவரவர் பை அவரவர் முதுகில். மானைச் சுட்டவரே இறைச்சியைச் சுமக்க வேண்டும், ஒரு துண்டுகூட மலையில் கிடக்கக் கூடாது. முதல் விதியை நோலின் மீறிவிட்டாள் என்பது லயலின் வழக்கு.

பிப்ரவரியில் ஒருநாள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு அவன் தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

"அக்கா, இந்த வருஷம் உன் பை பதினஞ்சு கிலோ. என் கம்பளிக் கொட்டகைத் தராசுல தொங்க விட்டுப் பாப்பேன். கூடுச்சுன்னா காரை நிறுத்துற இடம் வரைக்கும் வந்து கையாட்டிட்டுப் போயிடு. திரும்ப முதல் விதி மீறினா அடுத்த வருஷம் கூப்பிடவே மாட்டோம்."

"உன் பை எவ்ளோ?"

"என் முட்டிதான் நல்லாருக்கே."

சென்ற வருடம் நோலினின் பை இருபத்திரண்டு கிலோ. அதில் ஆறு கிலோ அவள் கணவன் டெஸ்ஸின் கவலை. டெஸ் வேட்டைக்குப் போகிறவன் அல்ல. விவசாயப் பொருள் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவன். வருடத்தில் அந்த வாரம் மட்டும் வீட்டில் தனியாக இருப்பான் என்பதால் பத்து நாள் முன்பிருந்தே அவள் பைக்குள் எதையாவது செருகிக்கொண்டிருப்பான். இரண்டாவது டார்ச், நாலாவது ஜோடி காலுறை, மழைக்கோட்டு நனைந்தால் போட்டுக்கொள்ள இன்னொரு மழைக்கோட்டு.

அதே கவலை இப்போது தலைகீழாகத் திரும்பியது. கடையில் புல் விதை நிறுக்கும் மின்தராசு ஒன்று பழையதாகிக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தான். இரண்டு மாதம் அவர்கள் அதற்கு இடம்விட்டு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

டெஸ் எதையும் நிறுத்துப் பார்க்காமல் உள்ளே விடவில்லை. நாற்பது தேநீர்ப் பைகளிலிருந்து நூலையும் காகிதச் சீட்டையும் கத்தரித்தான்: ஒன்பது கிராம். சட்டைகளின் கழுத்துப் பட்டைச் சீட்டுகளைப் பிரித்தான்: நாலு கிராம். வரைபடத்தில் அவள் போகாத மலைகளையெல்லாம் வெட்டி எறிந்தான்.

"வழி தவறிட்டா?" என்றாள் நோலின்.

"பத்தொம்போது வருஷமா போற. இப்பவா தவறப் போற?"

"தோட்டா இருபதை ஏன் ஆறாக்கின?"

"ஆறுல ஒண்ணும் படலைன்னா கோளாறு தோட்டா எண்ணிக்கைல இல்லம்மா."

"ஜட்டி ரெண்டுதான் இருக்கு."

"ஒண்ணு போட்டிருப்ப, ஒண்ணு காஞ்சுட்டிருக்கும்."

"அஞ்சு நாளும் மழை பெஞ்சா?"

"எல்லாருமே நனைஞ்சிருப்பீங்க. யாரு பாக்கப் போறா?"

கொத்துக்கறியை அடுப்பில் வைத்து மணல்போல் உலர்த்தினான். வீட்டு நாய் ஒரு வாரம் அடுப்பைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. இறைச்சி கட்டிவர அவள் வழக்கமாகக் கொண்டுபோகும் பழைய தலையணை உறைகள் நான்கையும் நிறுத்துப் பார்த்து, இரண்டாக்கினான்.

கடைசியில் பைக்கு வந்தான். நோலினின் பை இரும்புச் சட்டம் வைத்த கித்தான் பை. ஒன்றும் வைக்காமலே மூன்றரைக் கிலோ. டெஸ் எங்கோ தேடி எண்ணூறு கிராமில் ஒரு பை வரவழைத்தான். சட்டமே கிடையாது. சுண்டுவிரலில் மாட்டி ஆட்டிக் காட்டினான். நோலின் கையை உள்ளே விட்டாள். வெளியிலிருந்து ஐந்து விரலும் தெரிந்தன.

"இது பையா, ஜன்னல் திரையா?"

"பதினெட்டு கிலோ தாங்கும்னு போட்டிருக்கான். உன்னோடது பதினஞ்சு. இன்னும் மூணு கிலோ மிச்சம்."

அவளும் தலையாட்டினாள். டெஸ் வேட்டைக்குப் போகாதவன், அவனை மன்னித்துவிடலாம்.

புறப்படும் நாள் காலையில் கம்பளிக் கொட்டகைத் தராசில் அவள் பை தொங்கியது. பதினான்கு கிலோ அறுநூறு கிராம். லயல் தராசைத் தட்டினான். பையை இறக்கி மறுபடி மாட்டினான். பிறகு அவிழ்த்துக் கையை விட்டுத் துழாவினான்.

"சாப்பாடு எங்க?"

"உன் கைல இருக்கே, அதான்."

"இதுவா? நாத்து நடுற மண்ணு மாதிரி இருக்கு."

"வெந்நீர் ஊத்தினா கறியாயிடும்."

"எனக்கு வேணாம்ப்பா, இப்பவே சொல்லிட்டேன்."

திபேனேயின் பை பத்தொன்பது கிலோ. "லயல், உன்னோடதையும் மாட்டிப் பாத்துடுவோமே" என்றான் திபேனே. லயலுக்கு அந்த நொடியில் நேரமாகிவிட்டது. தரையில் உட்கார்ந்து பட்டைகளில் கைகளை நுழைத்துக்கொண்டான். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. திபேனே இரண்டு கையையும் பிடித்து இழுத்துத்தான் அவனை நிறுத்த வேண்டியிருந்தது.

நோலின் கணவாய்க்கு அவர்களைவிட நாற்பது நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தாள். பாறைமேல் உட்கார்ந்து ஆப்பிள் தின்று முடித்தாள். லயல் பீட்ரூட் நிறத்தில் மேலே வந்தான்.

"ஏன்டா தம்பி, பையை நான் கொஞ்ச தூரம் தூக்கட்டுமா?"

இதைச் சொல்ல ஒரு வருடம் காத்திருந்தாள். பதில் சொல்ல லயலிடம் மூச்சு இல்லாதது அவளுக்குச் சிறு குறைதான்.

நாலாம் நாள் காலை, குடிலுக்கு அரைமணி நேரம் மேலே, இடுப்பளவுப் புல்வெளியின் ஓரத்தில் ஒரு கலைமான் வந்து நின்று உறுமியது. நோலின் படுத்தபடி குறிவைத்தாள். ஒரே தோட்டா. அது இரண்டடி நடந்து விழுந்தது. மீதி ஐந்து தோட்டாக்களை வீணாகத் தூக்கி வந்தோமே என்று டெஸ்ஸின் குரலில் நினைத்துச் சிரித்துக்கொண்டே அருகே போனாள்.

அருகே போனதும் சிரிப்பு நின்றது. பெரிய கலைமான். எலும்பை நீக்கிப் பிரித்தெடுக்க மூன்று மணி நேரமானது. இரண்டு மாதம் தராசோடு குடித்தனம் நடத்தியதில் அவள் கையே தராசாகியிருந்தது. ஒவ்வொரு துண்டாகத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கூட்டினாள். நாற்பத்தொரு கிலோ. போகும்போது பை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கிராம் கிராமாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். வரும்போது அதில் என்ன இருக்கும் என்று இருவருமே யோசிக்கவில்லை. டெஸ்ஸுக்குத் தெரியாது. பத்தொன்பது வருடம் இறைச்சி சுமந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் மனம் கேட்கவில்லை. பாதியை உள்ளே வைத்துத் தோளில் ஏற்றினாள். இடது பட்டை தையலோடு பிய்ந்து வந்தது.

"ரெண்டு சத்தம் கேட்டுச்சு" என்றபடி லயல் புல்லை விலக்கிக்கொண்டு வந்தான். "ஒண்ணு சுட்டது. இன்னொண்ணு என்ன?" பிறகு பையைப் பார்த்தான். அவன் முகம் தீபாவளி கண்டதுபோல் ஆனது. "ஆகா! மாமா கெட்டிக்காரருதான். போறதுக்கு மட்டும் பை வாங்கிக் குடுத்திருக்காரு."

"சிரிச்சு முடிச்சுட்டியா?"

"இல்ல, இன்னும் இருக்கு." சிரித்து முடித்தான். "தூக்கட்டுமா?"

"வேணாம். சுட்டது நான்."

லயல் அவள் முழங்காலை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

இரண்டு தலையணை உறைகளில் கட்டி, தோளின் முன்னும் பின்னுமாகத் தொங்கவிட்டு, நாலு நடையில் எல்லாவற்றையும் குடிலுக்குக் கொண்டுவந்தாள். நாலாவது நடையில் முழங்கால் கால்சட்டையை இறுக்கும் அளவுக்கு வீங்கிவிட்டது. வாசலுக்குப் பத்தடி முன்பாக நின்று, மூச்சை இழுத்து, மேடையில் நடப்பவள்போல் நேராக உள்ளே வந்தாள்.

லயல் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். "முட்டி?"

"நல்லாருக்கு."

லயல் கிழங்கைப் பானைக்குள் எறிந்த சத்தத்தில் திபேனே நிமிர்ந்து பார்த்தான். அவன் மீன் நரம்பு கோத்த ஊசியால் அவள் பைப் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கிளம்ப வேண்டும். எட்டு மணி நேரம், நாற்பத்தொரு கிலோ, அதன்மேல் அவள் சாமான்கள். இரண்டு நடையாகச் சுமந்தால் மூன்று நாளாகும், திங்கள்கிழமை பிள்ளைகள் சாலையோரம் நின்றுகொண்டிருப்பார்கள். உதவி கேட்டால் இந்தக் கூட்டத்தில் இடம் போய்விடும். அவள் சுவரைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போன வருஷமும் இதேதான் சொன்ன" என்றான் லயல், கிழங்கைப் பார்த்தபடி. "குடில்லேர்ந்து நாலு மணி நேரம் நல்லாருக்கு, நல்லாருக்குன்னே நடந்து வந்த. எங்க உக்காந்த தெரியுமா? சரிவுக்கு நட்ட நடுவுல. கீழ பாத்தா அடியே தெரியல. எனக்குப் பயமாயிடுச்சு. உன் பை கனமா இருந்ததாலயா நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறேன்? பைக் கதையைச் சொன்னா சிரிக்கிறாங்க. மத்ததைச் சொன்னா எவன் சிரிப்பான்?"

திபேனே நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"கிளப்ல சொன்ன கதைல நீங்க உருண்டே போயிட்டீங்கக்கா" என்றான். "நான் பக்கத்துலதான் இருந்தேன். நல்லாத்தான் உருண்டீங்க."

நோலின் கால்சட்டையை மேலே ஏற்றி முழங்காலைக் காட்டினாள். இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"மதியத்துலேர்ந்து இப்படி இருக்கு. நாளைக்குப் பன்னெண்டு கிலோவுக்கு மேல என்னால ஆகாது. இறைச்சியை நீங்க ரெண்டு பேரும்தான் எடுத்துக்கணும்."

"இது கேக்குறதா, உத்தரவா?" என்றான் லயல்.

"பஸ் ஓட்டுறவ. எனக்கு ரெண்டுக்கும் ஒரே குரல்தான். விதிப்படி அடுத்த வருஷம் எனக்கு இடமில்லன்னா அதையும் இப்பவே சொல்லிடு."

லயல் எழுந்தான். மூலையிலிருந்து தன் பையை இழுத்துவந்து, திறந்து கவிழ்த்தான். வார்ப்பிரும்பு வாணலி விழுந்தது. மடக்கு நாற்காலி விழுந்தது. கண்ணாடிப் புட்டியில் தக்காளி சாஸ், வானொலி, அதற்கு எட்டு பேட்டரி, மூன்று குறுக்கெழுத்துப் புத்தகம், இன்னொரு ஜோடி பூட்ஸ். கடைசியில், மெதுவாக, வீட்டுக் கட்டிலில் வைக்கும் முழு அளவுத் தலையணை ஒன்று.

நோலின் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இதை வெச்சுக்கிட்டா எனக்குப் பதினஞ்சு கிலோன்னு சொன்ன?"

"தூக்கம் வரணும்ல."

"உன் மாமா இதைப் பாத்திருந்தா அழுதிருப்பாருடா."

குடிலின் வருகைப் புத்தகத்தில் லயல் எழுதிவைத்தான்: நாற்காலி, வாணலி, பூட்ஸ் இங்கே இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், வாணலியை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். தலையணையின் உறையை உருவி இறைச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். லயலுக்கு இருபத்திரண்டு கிலோ இறைச்சி, திபேனேக்குப் பதினாறு. மீதி மூன்று கிலோவை, சாப்பிட்டுத் தீர்த்து இளைத்துப்போன தன் பையில் நோலின் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பத்து மணி நேரத்துக்கு மேலானது. வலித்தபோதெல்லாம் நோலின் சத்தமாகச் சொன்னாள். வலி வரும்போல இருந்தபோதும் சொன்னாள். கணவாய்க்கு ஏறுவதற்குள் பதினோரு முறை நின்றாகிவிட்டது.

"அக்கா, வலிச்சா சொல்லுன்னுதான் கேட்டேன். அரைமணிக்கு ஒரு தடவை செய்தி வாசிக்கச் சொல்லல."

"இப்ப இடது குதிகாலும் லேசா..."

"தெரியும், தெரியும். உக்காரு."

சரளைச் சரிவில் லயல் அவளுக்கு ஒரு அடி கீழே, பக்கவாட்டில் நடந்தான். அவள் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கற்களைக் காலால் மிதித்து அழுத்தினான். அந்த இருபது நிமிடத்தில் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. அடிவாரத்தில் மூவரும் பையோடு சாய்ந்து உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிக் கற்களைக் கொட்டினார்கள்.

"அடுத்த ஏப்ரல் எந்த வாரம்?" என்றான் திபேனே. ஒவ்வொரு வருடமும் அது லயலின் ஆடுகளின் சௌகரியத்தைப் பொறுத்தது.

லயல் காலுறையை உதறினான். "அக்கா, உனக்குப் பள்ளிக்கூட லீவு எப்ப விடுறாங்கன்னு கேட்டுச் சொல்லு. அதுக்கப்பறம் நாள் குறிப்போம்."

"ஆடு?" என்றாள் நோலின்.

"ஆடு காத்திருக்கும். அதுக்கு என்ன, வேலைக்கா போகணும்?"

நோலின் பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். கட்ட ரொம்ப நேரமானது.

"போலாமா?" என்றான் பூட்ஸை மாட்டிக்கொண்ட லயல். "முட்டி எப்படி?"

"நல்லா..." என்று ஆரம்பித்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "இல்லடா. இன்னும் பத்து நிமிஷம்."

லயல் மறுபடி பூட்ஸைக் கழற்றினான்.