நெற்றி வெள்ளை

ஸ்பிரிட் தொட்ட பஞ்சின் குளிர் நெற்றியில் காய்வதற்குள் குண்டூசி முனை குத்தியது. கண்ணை மூடியிருந்த நான் “வலிக்குது” என்றேன், தோட்டத்து டிஸ்பென்சரி டொக்டர் ஐயா “வலிக்கணும், அதுதான் நல்லது” என்றார். ராகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அப்போது எனக்குப் பத்து வயது. நெற்றி நடுவே மூக்குக்கு நேராக ஒரு வெள்ளைத் திட்டு, அதற்கு மேலே ஒரு கொத்து வெள்ளை முடி, இரண்டும் பிறந்த அன்றே என்னோடு வந்தவை. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் “வெள்ளச்சி”. கிரகணத்தன்று அம்மா அரிவாள் எடுத்ததால் வந்த வினை என்று பெண்கள் சொன்னார்கள், அம்மா ஒருநாளும் மறுத்ததில்லை.

அதுவரை எல்லாம் பேச்சோடு போயிற்று. நான் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஓர் அதிபர் வந்தார். இரண்டு மூன்று தாய்மார் அவரிடம் போய் இது “பெருவியாதி”, தொழுநோய், என்று முறையிட்டதும், ஒட்டாத நோய் என்று டொக்டரிடம் “துண்டு” எழுதி வாங்கி வரும்வரை பள்ளிக்கூடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கணக்கில் நான் கெட்டி. பரீட்சையில் தேறினால் நுவரெலியாவில் பெரிய பள்ளிக்கூடம், தவறினால் கொழுந்து பறிக்கும் கூடை.

டொக்டர் ஐயா பொறுமையான மனிதர். பெருவியாதித் திட்டில் குத்தினால் உணர்ச்சி இருக்காது, எனக்கு இருக்கிறது, ஆகவே அது இல்லை. வெண்படை நடுவில் வந்து பரவும், என்னுடையது பிறவியில் வந்து அப்படியே நிற்கிறது, ஆகவே அதுவும் இல்லை என்று எனக்கே விளக்கினார். பிறகு கூட வந்திருந்த அப்பாவைப் பார்த்தார்.

“முன்முடியோட சேந்து இப்படி வெள்ளையா இருந்தா அது பெரும்பாலும் பரம்பரையா வர்றது. உங்க வகையில யாருக்காச்சும் இருக்கா? இருந்தா இப்பவே எழுதித் தந்துருவேன்.”

“இல்லீங்க ஐயா. ரெண்டு பக்கமும் யாருக்கும் இல்லீங்க,” என்றார் அப்பா.

டொக்டர் பேனாவை மூடினார். “அப்ப கண்டியில தோல் டொக்டர்கிட்ட காட்டிருங்க. அவரு எழுதுனாத்தான் சரி.”

கண்டிக்கு நாங்கள் போகவே இல்லை. முதலில் லீவு இல்லை என்றார் அப்பா, அப்புறம் மழை என்றார், பிறகு பாதையில் மண் சரிந்திருக்கிறது என்றார். அவர் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கல்யாணம் முடித்து இங்கே வந்தவர், மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர், விடியுமுன் மலை ஊற்று விழும் “பீலி”த் தண்ணீரில் குளித்துவிட்டு, தலையை மழித்துக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் வாசலைத் தாண்டாதவர். இவ்வளவு பக்தியுள்ளவர் மகளுக்காக ஒரு பஸ் ஏறக் கூடாதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பரீட்சை நாளன்று நான் வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மலைக்குத் தேத்தண்ணி கொண்டு போனேன். மழை கொட்டி ஓய்ந்திருந்தது. தனியாக நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரின் நெற்றியில் திருநீறு கரைந்து போயிருந்தது. அங்கே, மூக்குக்கு நேராக, என்னுடையதைப் போலவே ஒரு வெள்ளைத் திட்டு. நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார்.

“கொட்டகலையில எனக்கு ஒரு வீட்டுலயும் ஒரு வாய் தண்ணி குடுத்ததில்ல, புள்ள. இங்கதான் நாலு பேரு மதிக்கிறாங்க. கண்டி டொக்டர் பரம்பரைன்னு எழுதிட்டா எல்லாரும் என் நெத்தியத்தான் பாப்பாங்க. வெளிய சொல்லிறாத,” என்றார்.

நான் சொல்லவில்லை. கிரகணப் பழியை அம்மா ஏன் வாய் திறக்காமல் சுமந்தார் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கிற்று. அடுத்த வருடம் வேறு அதிபர் வந்து என்னைச் சேர்த்துக்கொண்டார், ஆனால் எனக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. சில வருடங்களில் கூடை முதுகில் ஏறிவிட்டது. அப்பா பயந்தது எனக்குப் புரிகிறது. புரிந்துவிட்டதால் கோபம் ஆறிவிடவில்லை. தன் மரியாதைக்கு என்னை விலையாகக் கொடுத்தார், அதை வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த டிஸ்பென்சரி பூட்டிக் கிடக்கிறது, அப்பாவும் இல்லை. நான் தையல் வேலை செய்யும் நுவரெலியா டவுனில் பெண்பிள்ளைகள் முன்முடியில் ஒரு கொத்தைச் சலூனில் வெளுக்க வைத்துக்கொண்டு போகிறார்கள். என் மகளுக்கும் அதே நெற்றி, அதே கொத்து. இந்த வருடம் முதலாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, “புள்ளைக்கு நெத்தியில என்னாங்க?” என்று டீச்சர் கேட்டார்.

“எங்கப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்கு, இவளுக்கும் வந்திருக்கு. ஒட்டாதுங்க,” என்று என் முடியை ஒதுக்கிக் காட்டினேன்.

டீச்சர் தலையாட்டி, மகளின் பெயரை எழுதிக்கொண்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.