அம்மா கொண்டுபோன திரை

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு திரைச்சீலை மடித்துக் கிடக்கிறது. மெரூன் நிறம், அதில் வெள்ளைக் கொடிகள். மேல் விளிம்பில் வளையங்கள் தொங்கிய இடமெல்லாம் துருக்கறை. பாண்டி பஜார் நடைபாதைக் கடையில் நானே பொறுக்கி எடுத்தது. தொண்ணூற்றைந்தாம் வருடத் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்பதுவரை நினைவிருக்கிறது. தேதிகள் விஷயத்தில் எனக்கு அப்படியொரு பிடிவாதம். மயிலாப்பூரில் எங்கள் வீடு என்பது ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். நான் பெரியவளான பிறகு ஜன்னலோர மூலையை எனக்கென்று ஒதுக்கி, அப்பா அங்கே கம்பி கட்டி இதை மாட்டினார். இழுத்துவிட்டால் போதும், கிரிக்கெட் வர்ணனையும் தம்பியின் கூச்சலும் வேறு யார் வீட்டிலோ கேட்பதுபோல் ஆகிவிடும்.

மறு வருடம் ஜூன் மாதம் சென்னையில் யாரும் எதிர்பாராத மழை கொட்டியதே, அந்த வாரத்தில் அம்மா அதைக் கழற்றிக்கொண்டு போனாள்.

அம்மா அடையாறு பக்கம் ஒரு சுகாதார மையத்தில் நர்ஸ். கடற்கரைக் குப்பத்துப் பெண்கள் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அங்கேதான் வருவார்கள். மாதத்துக்கு இத்தனை ஆபரேஷன் என்று அதுவரை மேலிடம் இலக்கு வைத்திருந்தது. மாதக் கடைசியில் அம்மாவுக்குச் சோறு இறங்காது. அந்த ஏப்ரலில் இலக்கை எடுத்துவிட்டார்கள். இனி வருகிறவளிடம் எல்லா வழிகளையும் விளக்குங்கள், அவளுக்கு எது வேண்டும் என்று கேளுங்கள் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். கேட்பதற்குத்தான் இடம் இல்லை. பெஞ்சு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, மேஜைக்கு எதிரே நின்று ஒருத்தி தன் உதிரப்போக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து மாமியார் பதில் சொல்லிவிடுவாள். ஒரு மறைப்பு வேண்டுமென்று அம்மா எழுதிக் கேட்டுப் பார்த்தாள். வரவில்லை. அதனால் என் திரை போயிற்று.

“அது என்னோடது” என்றேன்.

“அவங்களுக்குப் பேச வேற இடம் இல்லடி.” அம்மா வளையங்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு?”

“உனக்கென்ன, பேசறதுக்கு நான்தான் வீட்லயே இருக்கேனே.”

இருந்தாள்தான். மாலையில் வந்ததும் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொள்வாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னால் கண்களை மூடியபடியே “உம்” என்பாள். நான் பாதியில் நிறுத்திவிட்டாலும் இன்னொரு “உம்” வரும்.

ஒரு விடுமுறை நாளில் அவளுக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். மையத்தின் ஒரு மூலையில் என் வெள்ளைக் கொடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இளம்பெண் ஒருத்தி உள்ளே போக, கூடவே அவள் மாமியாரும் கிளம்பினாள். அம்மா வாசலை மறித்தாள்.

“நான் கேக்கக் கூடாத சேதி இன்னா கீது?”

“ஒண்ணும் இல்ல ஆயா. உள்ள ஒரே ஸ்டூல்தான் இருக்கு. நீ நின்னா கால் வலிக்கும்.”

இன்னொரு ஸ்டூலை அம்மா முன்கூட்டியே வராந்தாவில் போட்டிருந்தாள். மாமியார் அதில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். “இன்னாமே, உங்கம்மா சினிமா கொட்டாய் மாரி துணி கட்டிக்கினு கீது. உள்ள இன்னா படம் ஓடுது?”

எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. உள்ளிருந்து தாழ்ந்த குரல் ஒன்று விட்டுவிட்டுக் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. அம்மாவின் குரலையே காணோம். அந்தப் பெண் நிறுத்தினாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அம்மா, “அப்புறம்?” என்றாள்.

அவ்வளவுதான். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லை அம்மா அத்தனை அவகாசத்தோடு சொல்லி நான் கேட்டதே இல்லை. என் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எவளோ அதை வாங்கிக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது.

வெளியே வந்தவள் ஏதோ அதிசயத்தைக் கண்டதுபோல் சொன்னாள்: “காப்பர் டி வேணாம்னா எடுத்துடலாமாம் அத்தே. நான் சொன்னாப் போதுமாம்.”

“உன்னியா கேட்டாங்க?”

“என்னியத்தான்.”

அதன் பிறகு பெண்கள் மாமியார்களை விட்டுவிட்டுத் தாங்களாகவே வர ஆரம்பித்தார்கள். வேறு மையங்களிலிருந்து நர்ஸுகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டார். குப்பத்திலிருந்து அம்மாவுக்கு வரும் நெத்திலியை நான் தொட்டதில்லை. என் பங்கையும் தம்பி தின்றான்.

என் இரண்டாவது பிரசவத்துக்குப் பின் தி. நகரில் ஒரு டாக்டரிடம் போனேன். குளிரூட்டப்பட்ட அறை, நான்கு நாற்காலிகள். கதவோரத் திரையை ஒதுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி ஆயா உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்தாள். “ரெண்டு போதும் டாக்டர், ஆபரேஷனே பண்ணிடுங்க” என்றார் என் மாமியார். டாக்டர் அவரைப் பார்த்துத் தலையசைத்து எழுதினார். நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்து அந்தக் குப்பத்துப் பெண்ணின் மேல் மறுபடியும் பொறாமை வந்தது, முன்னைவிட அதிகமாக. மாமியாரை வெளியே உட்கார வைக்க அவளுக்கு ஒருத்தி இருந்தாள்.

அங்கிருந்து நேரே அம்மா வீட்டுக்குப் போய், “என் திரை எங்கே?” என்றேன். ஓய்வு பெற்ற அன்றே அம்மா அதைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டிவிட்டு, வழக்கம்போல் காலை நீட்டிச் சாய்ந்தாள். நான் தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். பாதியில் நிறுத்தினேன். “உம்” வரும் என்று காத்திருந்தேன்.

“அப்புறம்?” என்றாள் அம்மா. கண்கள் திறந்திருந்தன.

எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் தனியாகப் போய், ஆபரேஷன் வேண்டாம், வேறு வழிகளைச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். ஆனாலும் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோதே, இந்த “அப்புறம்” எனக்கு முன் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும் என்று உள்ளே ஒன்று முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது.

திரையைத் துவைத்துத்தான் வைத்திருக்கிறேன். ஓர் ஓரத்தில், ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளின் கைக்கு எட்டும் உயரத்தில், துணி நைந்து நூல் தெரிகிறது. பேசும்போது பெண்கள் பிடித்துத் திருகிய இடம். எப்போதாவது எடுத்து மடிக்கும்போது என் விரல்களும் அங்கேதான் போகின்றன. அந்த நைவில் என் பங்கு எதுவும் இல்லை.