ஆறு காது, நாலு கம்பி

போன மாதம் கூரியர்க்காரர் எங்கள் வாசலில் ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் போனார். ஆள் படுக்கிற நீளம். கல்லூரியில் படிக்கிற என் பேத்திக்கு வந்தது. அவள் அட்டையைப் பிரித்து, உள்ளே இருந்ததை என் மடியில் வைத்து, "ஆயா, இது என்ன சொல்லு பாக்கலாம்" என்றாள்.

நான் கம்பியை எண்ணினேன். கழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

"நாலு கம்பி. பேஸ் கிடாரு. ஆறு கம்பி லீடு இல்ல."

அவள் வாயைப் பிளந்தபடி நின்றாள். எனக்கு எழுத்து தெரியாது. பஸ் போர்டைக்கூட யாரையாவது கேட்டுத்தான் ஏறுவேன். ஆனால் நாலுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியும். அது என் அப்பாவுக்குத் தெரியாததால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. பேத்தி அதற்குள் கம்பியை மாற்ற வேண்டும், சத்தத்தை வாங்குகிற பிக்கப்பை மாற்ற வேண்டும், அப்கிரேடு பண்ண வேண்டும் என்று அடுக்க ஆரம்பித்துவிட்டாள். மாடு வாங்கிய அன்றைக்கே கொம்பை மாற்றுகிற கதை. இருடி, முதலில் நான் சொல்வதைக் கேட்டு எழுது என்று உட்கார வைத்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். பத்தாகவும் இருக்கலாம், பெண்பிள்ளை பிறந்ததை யார் எழுதி வைத்தார்கள்? பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தாத்தா இறந்த பிறகு அப்பாதான் தன் தங்கையை வளர்த்தார். எனக்கு அத்தை. அப்பாவுக்கு மாட்டைப் பற்றித் தெரியாதது கிடையாது. சுழி பார்த்துச் சொன்னார் என்றால் சந்தையில் மறுபேச்சு இருக்காது. அந்தப் பழக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் பற்றியும் மறுபேச்சில்லாமல் பேசுவார்.

வாரா வாரம் அத்தையும் நானும் நிலக்கடலைப் பருப்பு எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி எண்ணெய் மில்லுக்குப் போவோம். எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு முறை ஆட்டினால் போதும். ஆனால் எண்ணெய் புதிதாக இருந்தால்தான் மணம் என்று அத்தை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆட்டுவாள். மில்லுக்கு மேல்மாடியில் ஒரு மெல்லிசைக் குழு பாட்டுப் பழகும். அத்தை என் கையில் ஒரு வெல்லக்கட்டியைக் கொடுத்து மூட்டை மேல் உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போவாள். வெல்லம் கரைந்து, நான் தூங்கி எழுந்து, புண்ணாக்கு தின்று, மறுபடி தூங்கி எழுந்தால் அத்தை வருவாள். எண்ணெயும் வரும். ஒரு முறை நானும் கூடவே ஏறினேன். மேலே நெட்டையாக ஒருவர் தடித்த கம்பி போட்ட கிடாரை வைத்துக்கொண்டு, ஒரு கம்பியைத் தட்டிவிட்டு அத்தையைப் பார்த்தார். தரை அதிர்ந்தது. உள்ளங்காலில் கூச்சமாக இருந்தது.

அந்த நெட்டை ஆளே அத்தைக்கு மாப்பிள்ளையாக அமைந்ததுதான் எனக்குப் பெரிய அதிசயம். தரகர் எத்தனையோ ஊர் சுற்றி, கடைசியில் அதியமான்கோட்டையிலிருந்து அவருடைய ஜாதகத்தைக் கொண்டுவந்தார். பெண் பார்க்க வந்தவரைப் பார்த்து, "அத்தை, இவரு நம்ம மில்லு..." என்று நான் ஆரம்பித்ததும் அத்தை என் வாயில் ஒரு கைப்பிடி பொரியை அடைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டில் பைக் கேட்கவில்லை. "கிடாரு ஒண்ணு போதுமாம்" என்றார் தரகர். அதுவரை அவர் வாசித்துக்கொண்டிருந்தது இரவல் கிடார். அதன் சொந்தக்காரர் திருப்பி வாங்கிக்கொண்டார். சொந்தமாக ஒன்று இல்லையென்றால் குழுவில் அவருக்கு இடமில்லை. அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. பொம்மை கேட்கிற மாப்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று முணுமுணுத்தார். ஆனால் தங்கைக்குக் கொடுப்பதில் குறை வைக்கக் கூடாது என்று பெங்களூர் போய் வாங்கக் கிளம்பினார்.

"பாப்பாவையும் கூட்டிட்டுப் போண்ணா, ரயிலே பாத்ததில்ல அவ" என்றாள் அத்தை. அதற்கு முன்பே என்னை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"நாலு கம்பி. சொல்லு."

"நாலு கம்பி."

"தடிச்ச கம்பி. நீளக் கழுத்து. யாரு சொன்னாங்கன்னு அண்ணன் கேட்டா?"

"அத்தை சொல்லுச்சு."

தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. "நானே பாத்தேன்னு சொல்லணும். சாமி சத்தியமா என் பேரு வெளிய வரக் கூடாது."

தருமபுரியிலிருந்து பெங்களூர் வரைக்கும் ரயிலில் நான் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனேன். ஜன்னலுக்கு வெளியே என்ன போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கடையில் சுவர் முழுக்கக் கிடார்கள் தொங்கின. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வந்தார். முதுகைத் தட்டினார். கழுத்தைப் பிடித்து அசைத்தார். பல் மட்டும்தான் பிடித்துப் பார்க்கவில்லை. கடைக்காரர் நாலு கம்பியில் ஒன்றையும் ஆறு கம்பியில் ஒன்றையும் இறக்கி வைத்து விலை சொன்னார். அங்கேதான் வினை பிடித்தது.

"ஏங்க, நாலு கம்பிக்கு வெலை அதிகம், ஆறு கம்பிக்குக் கம்மியா? எந்த ஊரு நாயம் இது?"

"அது வேற, இது வேற யஜமான்ரே. இது பேஸு."

"என்னவோ ஒண்ணு. ரெண்டு பல்லு விழுந்த மாட்டை எங்கிட்ட தள்ளப் பாக்கறீங்க."

நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, நாலு கம்பிதான்."

"யாரு சொன்னா?"

"நானே பாத்தேன்."

"எங்க பாத்த?"

இந்தக் கேள்விக்கு அத்தை பதில் சொல்லித் தரவில்லை. எண்ணெய் மில்லில் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மில் என்றால் அத்தை வருவாள். அத்தை வந்தால் சாமி கண்ணைக் குத்தும். கடைக்காரர் என்னைப் பார்க்கிறார், அப்பா என்னைப் பார்க்கிறார். நான் என் கால் விரலைப் பார்த்தேன்.

"திருவிழாவுல தூரத்துலருந்து பாத்திருக்கும், நாலாத்தான் தெரியும்" என்று அப்பாவே முடித்துவிட்டார். "ஆறு கம்பியையே கட்டுங்க. எந்தங்கச்சிக்குக் குடுக்கறதுல எதுக்குங்க கொறை?"

வீட்டுக்கு வந்ததும் அத்தை தூரத்திலிருந்தே கண்ணால் கேட்டாள். நான் ஆறு விரலைக் காட்டினேன். கையிலிருந்த முறத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெட்டியைச் சீர் வைக்கிற அன்றைக்குத்தான் பிரிக்க வேண்டும் என்று அப்பா கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

"அப்பாகிட்ட சொல்லிடலாமா அத்தை?"

"எப்பிடித் தெரியும்னு கேப்பாரேடி."

"மில்லுல பாத்தோம்னு சொல்லு. மில்லுக்குப் போறது தப்பா?"

அத்தை என் வாயைப் பொத்தினாள். மில்லுக்குப் போவதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

கல்யாணம் அதியமான்கோட்டையில், மாப்பிள்ளை வீட்டில். முதல் நாள் பொழுது சாய நாங்கள் லாரியில் போய் இறங்கினோம். பந்தலில் ஒரு பக்கம் மேடை போட்டு மாப்பிள்ளையின் குழு காத்திருந்தது. பாய் விரித்துச் சீர்த் தட்டுகளைப் பரப்பினார்கள். நடுவில் அந்தப் பெட்டி. மேலே வெற்றிலை பாக்கு, ஒரு முழம் பூ. நான் பெண்ணுக்குத் துணையாக அத்தையை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வளையல் என் தோலில் பதிந்தது.

மாப்பிள்ளை பெட்டியைத் திறந்தார். சிரித்துக்கொண்டுதான் திறந்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, தண்ணீர் நின்ற குழாய் மாதிரி.

"நல்லா இருக்குது மச்சான்" என்றார் அப்பாவிடம்.

ஆனால் மேடையிலிருந்து எட்டிப் பார்த்த தபேலாக்காரர் சும்மா இருந்தாரா? "டேய், இது லீடுடா! இத வெச்சு நீ என்ன பண்ணுவ?" என்றார் மைக்குக்குப் பக்கத்தில் நின்று. ஊர் முழுக்கக் கேட்டது.

மாப்பிள்ளை கிடாரை மடியில் வைத்துக் காதுகளைத் திருக ஆரம்பித்தார். கம்பியை முறுக்குகிற திருகைத்தான் சொல்கிறேன், எனக்கு அது காது. ஒரு கம்பியைத் தளர்த்திக் கழற்றிப் பாயில் வைத்தார். இரண்டாவதையும் கழற்றினார்.

அப்பா எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்க. நான் குடுத்த சீரை என் கண்ணு முன்னாலயே பிச்சுப் போடறீங்களா?"

"இல்லீங்க மச்சான், இந்த ரெண்டும் எனக்கு..."

"வேண்டாம். எங்க பொண்ணுக்கும் ரெண்டு கை அதிகம்னு நாளைக்கு உங்களுக்குத் தோணும்." அப்பா துண்டை உதறினார். "ஏய், லாரிய எடுக்கச் சொல்லு!"

எங்கள் ஆட்கள் எழுந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா, "போறவங்க போவட்டும், நாங்க என்ன கிடாருக்கா அலையறோம்" என்று ஆரம்பித்தாள். வெளியே லாரி உறுமுகிற சத்தம் கேட்டது. என் மணிக்கட்டை விட்டுவிட்டு அத்தை எழுந்தாள். மாலை போட்ட பெண் தலை நிமிர்ந்து நின்றதை அந்தப் பந்தல் அதற்கு முன் பார்த்திருக்காது.

"அண்ணா, கோவப்படாத. அவரு கழட்டுனது கீழ இருக்கற ரெண்டு மெல்லிசுக் கம்பி. அடிச் சத்தத்துக்கு மேல இருக்கற நாலுதான் வேணும். கொஞ்சம் தளர்த்திட்டா இன்னைக்கு வாசிச்சுரலாம்." பாயில் கிடந்த இரண்டு கம்பிகளையும் எடுத்து வளையமாகச் சுற்றி விரலில் மாட்டிக்கொண்டாள். "நீ குடுத்ததுல எதுவும் வீணாவாது. நாலு அவருக்கு, ரெண்டு எனக்கு."

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா சிரிக்கவில்லை. "மாடு மேய்க்கற வூட்டுப் பொண்ணுக்கு இந்தக் கம்பிக் கணக்கெல்லாம் எப்பிடித் தெரியும்?"

அத்தையின் காது மடல் சிவந்தது. அப்பா அத்தையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு குனிந்து என்னைப் பார்த்தார். பெங்களூர்க் கடையில் பார்த்த அதே பார்வை. நான் மறுபடியும் கால் விரலைப் பார்த்தேன்.

"எங்கூட்ல ரேடியோ இருக்குதுங்க" என்றார் அப்பா. "நல்லாக் கேப்பா." சொல்லிவிட்டு உட்கார்ந்து, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

எங்கள் ரேடியோவுக்குள் எலி குட்டி போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பா ஏன் பொய் சொல்கிறார் என்று நான் முழித்தேன். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

கச்சேரி நடந்தது. கிடார் சில இடங்களில் தவளை இருமுவது மாதிரி இருமியது. ஆனாலும் ஒரு பாட்டுக்காவது உள்ளங்கால் கூசியது எனக்கு. விடிந்ததும் தாலி ஏறியது. பின்னால் அப்பாவே தடித்த கம்பி வாங்கிவந்து கொடுத்தார். தருமபுரியில் ரேடியோ பழுது பார்க்கிற பாய் ஒருவர் காதுகளில் ஓட்டையைப் பெரிதாக்கி அதை மாட்டித் தந்தார். மாமா அதைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசித்தார், ஆறு காதும் நாலு கம்பியுமாக. அதுதான் எங்கள் வீட்டு அப்கிரேடு. "ஆயா, ரெண்டு கம்பி கழட்டுனா அதுக்குப் பேரு டவுன்கிரேடு" என்கிறாள் பேத்தி. அந்த இரண்டு கம்பியில் அத்தை மிளகாய் கோத்துக் காயப் போட்டிருந்ததை இவள் பார்த்திருக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது அப்பா என்னை லாரியில் முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பாப்பாரப்பட்டி மில் தாண்டியதும் கேட்டார்.

"ஏம் பாப்பா, கடலை ஆட்ட எவ்ளோ நேரமாவும்?"

"ரொம்ப நேரமாவும்ப்பா. ரெண்டு தடவ தூங்கி எந்திரிக்கணும்."

அப்பா சிரித்தார். டிரைவர் வண்டியின் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் சரியாகத்தானே சொன்னேன், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது.

பல வருஷம் கழித்து நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில் முதன்முதலாகக் கடலை ஆட்டப் போனேன். நேரமாகும் என்று புடவை முந்தியில் வெல்லம்கூட முடிந்து கொண்டுபோயிருந்தேன். ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிப்பதற்குள் எண்ணெயைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் தூக்கைப் பார்த்தேன், மில்லைப் பார்த்தேன், அங்கேயே நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். அளவு குறைந்துவிட்டதோ என்று பயந்து மில்காரர் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.