சித்தி உறை போட்ட கால்குலேட்டர்

என் சித்திக்கு இந்த உலகத்தில் ஒரே பகை தூசி. ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஊரார் சான்றிதழ்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் போர்த்துவது அவள் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்காது. டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை. அந்த உறை அழுக்காகிவிடாமல் இருக்க மேலே இன்னோர் உறை. சோபா வாங்கியபோது சுற்றி வந்த பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்கவில்லை. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தோலைப் பாதி அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

"நல்லவேளை, எனக்கு மூச்சு விட இடம் வச்சிருக்கா" என்பார் சித்தப்பா, அவள் காதில் விழாத தூரம் பார்த்து.

சித்தியின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கால்குலேட்டர் கொடுத்தார்கள். சமன்பாட்டைப் போட்டால் திரையில் வரைபடமே வரைந்து காட்டும் ரகம். பரீட்சை முடிந்ததும் ஒரு கீறல் இல்லாமல் திருப்பித் தரவேண்டும் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அதை என் தங்கை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அன்றே அதற்கு உறை விழுந்தது. போதாக்குறைக்கு, கணக்குப் பரீட்சைக்கு முந்தைய நாள் சாயங்காலம், "நல்ல காரியத்துக்குப் போறது, பழைய உறையோடவா போகும்?" என்று, சூடு பட்டால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக்கைக் கடையிலிருந்து கொண்டுவந்து, ஹேர் டிரையரால் ஊதி ஊதிப் புது உறை மாட்டினாள்.

மறுநாள் காலையில் சித்தியிடமிருந்து எனக்கு போன் வந்தது. "டேய், உடனே கிளம்பி வா. பட்டன் எதுவும் வேலை செய்யல."

நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பதால் மின்சாரம் ஓடும் எதையும் சரிசெய்வேன் என்பது சித்தியின் நம்பிக்கை. அங்கே என் வேலை, வருகிறவர்களுக்கு அடையாள அட்டை எழுதிக் கொடுப்பது. இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது. தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறாள்.

போனபோது தங்கை சோபாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, வரைபடக் கேள்விதான் பாதி மார்க். இது இல்லாம நான் உள்ள போய் என்ன பண்றது?" குரல் உடைந்துவிட்டது.

கால்குலேட்டரை வாங்கிப் பார்த்தேன். திரை எரிந்தது. எண்ணைத் தட்டினால் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. பேட்டரியை மாற்றினேன். சித்தி கெட்டிக்காரி, பேட்டரி மூடிக்கும், பின்னால் இருக்கும் ரீசெட் துளைக்கும் உறையில் அளவெடுத்து ஜன்னல் வெட்டியிருந்தாள். துளையில் ஊசியை விட்டு அழுத்தினேன். திரை ஒருமுறை அணைந்து, எரிந்து, மறுபடி ஊமையாகிவிட்டது.

"இப்படிக் கொடு" என்று சித்தப்பா வாங்கி, உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டினார். வாயால் ஊதினார். பிறகு காதில் வைத்துக் கேட்டார்.

"என்னப்பா கேக்குது?" என்றாள் தங்கை, அழுகையை நிறுத்தி.

"ஒண்ணும் கேக்கல."

"அதுல என்னங்க கேக்கும்? ரேடியோவா அது?" என்று சித்தி பிடுங்கிக்கொண்டாள். "உங்க கைரேகையப் பாருங்க!" முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள். துடைத்துக்கொண்டே வந்த கட்டைவிரல் கீழ் மூலையில் நின்றது. தொழில்காரியின் முகம் சுருங்கியது.

"ச்சே, இந்த மூலையில மட்டும் கொஞ்சம் இழுத்துடுச்சு. சூடு ஜாஸ்தி காட்டிட்டேன் போல. இந்தப் பட்டன் அமுங்கியே இருக்கு பாரு. பாக்கவே அசிங்கமா இல்ல?"

மூவரும் அவளையே பார்த்தோம். ஒரு பட்டன் ராத்திரி முழுக்க அழுந்திக் கிடந்தால் மற்ற பட்டன் பேச்சை அந்த மெஷின் எப்படிக் கேட்கும்? சித்திக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் முகம் வெளிறிவிட்டது.

"நானா?" என்றாள்.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். "தொடாதே, நீ கீறிடுவ" என்று, அவளே பிளேடு கொண்டுவந்தாள். எதையும் பிரித்துப் பழகாத கை. மெல்ல ஓரத்தில் கோடு போட்டு உரித்தாள். மூலைப் பட்டன் டக்கென்று மேலே வந்தது. தங்கை தட்டினாள். திரையில் அழகாக ஒரு கோடு வளைந்தது. சித்தப்பா, தான் தட்டியதில்தான் சரியானது என்றார்.

பரீட்சை முடியும்வரை நானும் சித்தியும் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். "அந்தப் பட்டன் மறுபடியும் மாட்டிக்காது இல்ல?" என்று கேட்டாள். மாட்டாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே வேறு மாதிரி கேட்டாள். பிறகு, "இவ பெயிலானா நான்தாண்டா காரணம். பெத்தவளே பிள்ளை படிப்புல மண்ணப் போட்டுட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. கிண்டல் செய்ய எத்தனையோ இருந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மணி அடித்தது. தங்கை தொங்கிய முகத்தோடு வந்தாள். சித்தி ஓடினாள்.

"என்னடி, பட்டன் மக்கர் பண்ணிடுச்சா?"

"இல்லம்மா. எல்லாம் நல்லாத்தான் வேலை செஞ்சுது."

"அப்புறம் ஏண்டி மூஞ்சி இப்படி இருக்கு?"

"கடைசிப் பாடத்துலேர்ந்து பெரிய கேள்வி. எதை அழுத்தறதுன்னே தெரியல. அந்தப் பாடம் வராதுன்னு படிக்காம விட்டுட்டேன்."

"நீ படிக்கலையா? நிஜமாவா?"

"ம்."

"அப்பாடா!" என்று சித்தி அவளை நடுத்தெருவில் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். தங்கை திருதிருவென்று விழித்தாள். என்ன சொன்னோம் என்பது அப்புறம்தான் சித்திக்கே உறைத்தது. உடனே முதுகில் ஒன்று வைத்து, "படிக்காம என்னடி கிழிச்ச?" என்று ஆரம்பித்தாள். பஸ் நிறுத்தம்வரை வாய் ஓயவில்லை. ஆனால் மகளின் தோளில் போட்ட கையை எடுக்கவும் இல்லை.